கப்சாய்க்கு ஜிபிஎஸ்: தனிக் கருவியா, கையிலிருக்கும் போனா?

கேள்வி, 2 மார்ச் 2025

சுங்கை சிப்புட்லேர்ந்து நாலு மோட்டார் கிளம்புறோம். மூணு கப்சாய், அதாங்க நம்ம மலேசியாவோட சின்ன மோட்டார், ஒரு 250 சிசி. கோலகங்சார், கிரிக், ஜெலி வழியா கோத்தா பாரு. திரும்புறப்ப குவா மூசாங், லோஜிங், கேமரன் மலை பக்கம். மோட்டாருக்குன்னே வர்ற ஜிபிஎஸ் கருவி கார்மின் ஸூமோ எக்ஸ்டி வாங்கலாமா, போனே போதுமா? என்னைக் கேட்டா தனிக் கருவியெல்லாம் வீண் ஆடம்பரம். போன்ல வழி காட்டுற வேஸ் செயலி இருக்கப்ப எதுக்கு ரெண்டாயிரம் வெள்ளி? அண்ணன்மாருங்க சொல்லுங்க.

2 மார்ச், இரவு

ஆடம்பரம் இல்லை தம்பி. ஆனால் முதலில் வாங்க வேண்டிய சாமானும் அது இல்லை.

வேஸுக்கு வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. கிளம்பும்போது லைன் (போன் அலைவரிசை) இருந்தால் அந்த வழியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஓடும். நடுவில் ஒரு முனை தவறினால் புது வழி போட அதற்கு டேட்டா வேண்டும். கிரிக்கிலிருந்து ஜெலி வரைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, அதாவது கூட்டரசுச் சாலை 4, நூறு கிலோமீட்டருக்கு மேல் காடு. லைன் வந்து வந்து போகும், பல இடத்தில் வரவே வராது. அங்கே வேஸ் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. உண்மையைச் சொன்னால் அந்தச் சாலையில் வழி தவறுவதே கஷ்டம், ஒரே ரோடுதான். லைன் இல்லாமல் தடுமாறுவது கிளைச்சாலை நிறைந்த இடங்களில்தான்.

ஆகவே தனிக் கருவியா போனா என்று தொடங்காதீர்கள். லைன் இல்லாமல் ஓடும் வரைபடம் இருக்கிறதா, மழையில் விரல் வேலை செய்யுமா, எட்டு மணி நேரம் மின்சாரம் வருமா என்று பாருங்கள். மூன்றுக்கும் போனில் வழி இருந்தால் போன் போதும்.

2 மார்ச், பத்து நிமிடம் கழித்து

நாலு வண்டிக்கு நாலு ஜிபிஎஸ் வேண்டாம். முன்னால் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று. நாலு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் ரோட்டை யார் பார்ப்பது?

3 மார்ச்

போன் என்றால் எந்தச் செயலி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூகுள் வரைபடத்தில் பகுதியைத் தேர்ந்து இறக்கி வைக்கலாம். லைன் இல்லாதபோது அது கார் வழியை மட்டுமே காட்டும், மோட்டார் வழி வராது. நெரிசல் தகவலும் இருக்காது. ஆஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடுபவை. நாடு முழுவதையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் லைன் தேவையே இல்லை. ஆர்கானிக் மேப்ஸ் எளிது. ஆஸ்ம்ஆண்டில் அமைப்புகள் ஏராளம். அதைப் பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள், கிளம்புகிற காலையில் கற்றுக்கொள்ள முடியாது.

போனுக்கு மூன்று எதிரி.

வெயில் முதலாவது. ஐபோன் இயங்கச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊர் மதிய வெயில் அந்த விளிம்பில்தான் நிற்கிறது. அதன் மேல் நேரடி வெயில், முழுப் பிரகாசம், வேகமான சார்ஜ் மூன்றும் சேர்ந்தால் திரை தானாக மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், கடைசியில் எச்சரிக்கைப் பலகை வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் இன்னும் சீக்கிரம் வரும். 18 வாட் வேக சார்ஜரை விடச் சாதாரண 5 வோல்ட் 2 ஆம்ப் நல்லது. பேட்டரி நிரம்ப வேண்டாம், இறங்காமல் இருந்தால் போதும்.

அதிர்வு இரண்டாவது. கேமராவில் பட நடுக்கத்தைச் சரிசெய்யும் சின்ன மிதவைப் பகுதி உண்டு. ஹேண்டில் வழியாக வரும் இன்ஜின் அதிர்வு அதைக் கெடுக்கும். பெரிய இன்ஜின் மோட்டாரில் ஐபோனை நேராகப் பூட்ட வேண்டாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஸ்கூட்டர், மொபெட் மாதிரி சின்ன வண்டிக்கும் அதிர்வு தாங்கி போடச் சொன்னது. கப்சாய் ஓட்டுகிறவர்கள் “நம்ம வண்டிக்கு இது பொருந்தாது” என்று தப்பிக்க முடியாது.

மூன்றாவது மழை. மழைத்துளியும் உங்கள் விரலும் தொடுதிரைக்கு ஒன்றுதான். வரைபடம் தானாகப் பெரிதாகும், சிறிதாகும், யாருக்காவது போன்கூடப் போகும். கிளம்பியதும் திரைத் தொடுதலைப் பூட்டிவிடும் அமைப்பு ஆஸ்ம்ஆண்டில் உண்டு, அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

3 மார்ச், மாலை

“டோல் தவிர்” அமைப்பைப் போட்டு வைத்திருப்பவர்கள் எடுத்துவிடுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை. டோல் சாவடியின் இடப்பக்க ஓரத்தில் மோட்டார் பாதை இருக்கும். கருவிக்கு அது தெரியாது. காருக்கு டோல் என்று நெடுஞ்சாலையை விலக்கி, உங்களை ஈப்போ ஊருக்குள் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நிறுத்தும். பினாங்குப் பாலங்கள் இரண்டிலும் 2019 ஜனவரி முதல் மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. மாறாக, கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கத்தில் மோட்டாருக்கு அனுமதியே இல்லை. வண்டி வகை கார் என்று இருந்தால் அதன் வாசலுக்கே கூட்டிப் போகும். வேஸில் அமைப்பைத் திறந்து வண்டி வகையை மோட்டார் என்று மாற்றுங்கள், அரை நிமிட வேலை.

6 மார்ச்

மின்சாரம். இந்த இழையில் யாரும் கேட்காததும், பாதி வண்டிகள் கெட்டுப்போவதும் இங்கேதான்.

நேராக பேட்டரியில் யுஎஸ்பி சார்ஜரைப் பூட்டுகிறார்கள். சாவியை எடுத்தாலும் அது கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும், வோல்ட் காட்டும் சின்ன விளக்கு இருந்தால் கூடுதலாக. 20 மில்லி ஆம்ப் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.48 ஆம்ப் மணி. கப்சாய் பேட்டரி 3லிருந்து 5 ஆம்ப் மணிதான். வண்டியை ஒரு வாரம் எடுக்காமல் வைத்தால் சின்ன பேட்டரி காலி. ஸ்டார்ட்டர் சுற்றாமல் போக அது முழுதாகக் காலியாக வேண்டிய அவசியமும் இல்லை, மூன்று நாலு நாளே போதும்.

ஆகவே சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுங்கள். போன் சார்ஜர் ஒன்றுக்கு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) தேவையில்லை. கணக்கு இதுதான்: 5 வோல்ட் 2 ஆம்ப் என்றால் 10 வாட். மாற்றியில் வீணாவதைச் சேர்த்து 12 வோல்ட் பக்கம் ஒரு ஆம்ப் சொச்சம். 2 ஆம்ப் ஃபியூஸ் போதும். சூடேற்றும் கைப்பிடி, மூடுபனி விளக்கு என்று சேர்க்கத் தொடங்கினால் அப்போது ரிலே. அதன் கால்களில் எண் போட்டிருக்கும்: 30க்கு பேட்டரி, 87க்கு சாமான், 85, 86க்கு சாவி வயரும் எர்த்தும்.

ஃபியூஸ் வயரின் தொடக்கத்தில், மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சார்ஜர் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரசித் தேய்ந்து பாடியில் படும்போது அது எரியாது, வயர்தான் எரியும்.

மூட்டைச் சாலிடர் வைத்து விட்டுவிடாதீர்கள். சாலிடர் முடியும் இடத்தில் வயர் விறைப்பாகிவிடும். அதிர்வில் சரியாக அந்த இடத்திலேயே ஒவ்வொரு இழையாக அறும். நசுக்கிப் பிடிக்கும் இணைப்பி, அதன் மேல் சூட்டில் சுருங்கும் குழாய், பக்கத்திலேயே வயரைக் கட்டி ஆடாமல் நிறுத்துவது. இந்த மூன்றும் வேண்டும்.

சார்ஜருக்குப் போகும் வயரை மேலிருந்து நேராக இறக்கிச் செருகாதீர்கள். செருகும் இடத்துக்கு முன்னால் வயர் கொஞ்சம் கீழே தொங்கி, வளைந்து, மேலே ஏறிச் செருக வேண்டும். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். தூண்டில் முள் வளைவு போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசே இல்லை, ஆனால் பத்தில் ஒன்பது வண்டியில் இருக்காது.

7 மார்ச்

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். “சாவி வயர்” எது என்று சொல்லவில்லை.

ஹோண்டாவில் கறுப்புதான் சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட், பச்சை எர்த். யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்புதான் 12 வோல்ட். சுசுகியில் ஆரஞ்சு 12 வோல்ட், வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு எர்த். ஹோண்டாவில் பழகிய கை யமஹாவில் கறுப்பைப் பார்த்து மின்சாரம் என்று பூட்டினால் சார்ஜர் ஓடாது, அவ்வளவுதான். யமஹாவில் பழகியவர் ஹோண்டாவின் கறுப்பை எர்த் என்று பாடியில் இணைத்தால் வண்டியின் ஃபியூஸ் போய்விடும், வழியில் இன்ஜினே நின்றுவிடும். நிறத்தை நம்பிப் பூட்டாதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள்.

7 மார்ச், திரும்பவும்

இன்னொரு கண்ணி. முன்விளக்கு வயரிலிருந்து எடுக்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: பழைய கார்புரேட்டர் கப்சாய் பலவற்றில் முன்விளக்குக்கு வருவது பேட்டரி மின்சாரம் இல்லை, இன்ஜின் சுருளிலிருந்து நேராக வரும் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். இன்ஜின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்கி, முறுக்கினால் பிரகாசமானால் அது ஏசி. அதில் யுஎஸ்பி சார்ஜரைப் பூட்டினால் புகை வரும். ஹாரன் வயரும் பிரேக் விளக்கு சுவிட்ச்சுக்கு வரும் வயரும் அந்த வண்டிகளில்கூட பேட்டரிப் பக்கம்தான். மீட்டரை டிசியில் (நேர்திசை மின்சாரம்) வைத்து 12 சொச்சம் ஆடாமல் நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச்

பூட்டும் தாங்கி. பெரிய மோட்டாரில் வெறும் ஹேண்டில் குழாய் இருக்கும், யு வடிவ போல்ட்டில் ஒரு அங்குலக் குண்டு தாங்கி பூட்டலாம். கப்சாயில் ஹேண்டில் முழுக்க பிளாஸ்டிக் மூடி. அதில் ஒட்டும் தாங்கி வெயிலில் பசை இளகி விழும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடித் தண்டின் அடியில் பூட்டும் தகடு வாங்குங்கள். தண்டு 8 மி.மீட்டரா 10ஆ என்று கழற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடி மரை எதிர்த்திசை. “இறுகவே மாட்டேங்குது” என்று பலம் கொண்டு திருப்பி மரையைச் சிதைத்த கண்ணாடிகள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இரண்டு கிடக்கும்.

பூட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுபடக் கூடாது, பிரேக் கம்பியில் மாட்டக் கூடாது.

போலரைஸ்டு வெயில் கண்ணாடி போடுகிறவர்கள் கடையிலேயே போட்டுக்கொண்டு திரையைப் பாருங்கள். சில திரை ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகிவிடும். படுக்கையாக வைத்தால் கறுப்பு, நிமிர்த்தினால் தெரியும், அல்லது தலைகீழ்.

15 மார்ச்

போன் போதும் என்று மேலே எழுதியதை ஒரு வாரமாகத் திருப்பிப் பார்த்ததில் எனக்கே முழு உடன்பாடு இல்லை. மழையை நான் குறைத்து மதிப்பிட்டேன். பேராக்கில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் இடி மழை என்பது விதிவிலக்கு இல்லை, வாடிக்கை. போன் செருகுமுனையில் ஈரம் பட்டால் பல போன்கள் தாமே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். பாதுகாப்புக்காகத்தான், ஆனால் அதன் பிறகு இரண்டு மணி நேரத்தில் திரை அணையும். கம்பியில்லா சார்ஜ் இந்தச் சிக்கலைத் தீர்க்கும், வெப்பச் சிக்கலைக் கூட்டும்.

ஸூமோ எக்ஸ்டிக்கு வருவோம். 2020ல் வந்தது. 5.5 அங்குலத் திரை, 1280க்கு 720. நேர் வெயிலில் தெரிகிறது. கையுறையோடு தொடலாம். ஐபிஎக்ஸ்7. உள் பேட்டரி 6 மணி நேரம் என்கிறார்கள், பிரகாசத்தை முழுக்க வைத்தால் மூன்றரை. வயரில் போட்டால் அந்தக் கவலை இல்லை. வந்தபோது அமெரிக்க விலை 499.99 டாலர். 2023ல் வந்த எக்ஸ்டி2 திரை 6 அங்குலம், 599.99 டாலர். புதுசு வந்ததால் பழையது கெட்டுப்போகவில்லை.

ஐபிஎக்ஸ்7 என்பதை “தண்ணி போகாது” என்று மட்டும் படிக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினால் தாங்கும் என்பது அதன் பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது சான்று இல்லை, அதற்கு 5, 6 என்று வேறு எண். மோட்டார் கழுவும் கடையில் குழாயால் அடிக்கும் முன் கருவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். கருவி உட்காரும் தொட்டிலில் இருக்கும் சின்ன ஊசி முனைகளில்தான் ஈரமும் தூசும் சேர்ந்து பச்சை பிடிக்கும். மாதம் ஒரு முறை ஈரமில்லாத பிரஷ்ஷால் தேய்த்து, மின்கடத்தா கிரீஸ் ஒரு பொட்டு. “சார்ஜ் ஏறவில்லை, கருவி போச்சு” என்று கொண்டுவருவதில் பாதி இந்த ஊசி முனைதான்.

15 மார்ச், சிறு குறிப்பு

தனிக் கருவியின் பெரிய லாபம் திரை இல்லை. வழிகாட்டியும் போனும் தனித்தனியாக இருப்பது. விழுந்து ஹேண்டில் உடைந்தால் உங்கள் போன் சட்டைப் பையில் முழுசாக, சார்ஜோடு இருக்கும். ஆள் கூப்பிட அதுதான் வேண்டும்.

16 மார்ச்

“கார்மினில் நம்ம ஊர் வரைபடம் சரியில்லை” என்று எழுதியவர் எந்த வரைபடம் என்று சொல்லவில்லை. கருவியும் வரைபடமும் வேறு வேறு. மலேசியா சிங்கப்பூருக்குத் தன்னார்வலர்கள் பல ஆண்டாகச் சேர்த்த மால்சிங்மேப்ஸ் என்று ஒன்று உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்கு மாற்றிய கோப்புகளும் கிடைக்கும். எதுவாக இருந்தாலும் ஐஎம்ஜி கோப்பை (கார்மின் படிக்கும் வரைபடக் கோப்பு) மைக்ரோ எஸ்டி அட்டையில் கார்மின் என்ற அடைவு போட்டு அதற்குள் வையுங்கள். அட்டை ஃபேட்32 முறையில் இருக்கட்டும். பிறகு வரைபட அமைப்புக்குப் போய் ஒரு வரைபடத்தை மட்டும் இயக்கி மற்றதை அணையுங்கள். இரண்டும் இயங்கினால் ஒன்றின் மேல் ஒன்று வரைந்து, வழியை எதிலிருந்து போடுகிறது என்றே தெரியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்பில் வீட்டு முகவரி தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இடத்தைப் புள்ளியாகக் குறித்துக்கொண்டு போங்கள்.

இறக்கும் முன் கோப்பின் தேதியைப் பாருங்கள்.

16 மார்ச், இரவு: தோட்டப் பாதை

தோட்டத்துக்காரர்கள் நாம் இதை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது.

செம்பனைக்குள் ஜிபிஎஸ் ஏன் உளறுகிறது? மட்டை அடர்ந்து மேலே கூரை போட்டுவிடும், வானத்தில் பாதி தெரியாது. வெட்டவெளியில் போன் காட்டும் இடம் ஐந்து மீட்டர் முன்பின் இருக்கும், மட்டைக்கடியில் அது பெருகும். மரங்களோ சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டவை. நிரைக்கு நிரை ஒரே மாதிரி வெட்டுப்பாதை. எந்தச் சந்தில் நிற்கிறீர்கள் என்று கருவிக்கே சந்தேகம். ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்ற மற்ற செயற்கைக்கோள் கூட்டங்களையும் பிடிக்கும் கருவி இங்கே மேல்.

இன்னொன்று: செம்பனையை 25 ஆண்டு வாக்கில் வெட்டி மறுநடவு செய்வார்கள். அப்போது பாதையும் மாறும், வாய்க்கால் மாறும், பலகைப் பாலம் போகும். வரைபடத்தில் பழைய பாதை அப்படியே கிடக்கும். “மிகக் குறைந்த தூரம்” என்று கருவியில் வைத்திருந்தால் அது சந்தோஷமாக உங்களை அந்தப் பாதைக்குள் திருப்பும். போய்ச் சேருவது பூட்டிய கேட், ஜாகா (காவல்காரர்) வீட்டு நாய், திரும்பி நாலு கிலோமீட்டர் செம்மண். மழை பெய்திருந்தால் குலை லோரி உழுத பள்ளத்தில் ரோட்டு டயர் நிற்காது.

செய்ய வேண்டியது: வழி முறையை “வேகமான நேரம்” என்று வையுங்கள். “தார் போடாத சாலையைத் தவிர்” என்பதை இயக்குங்கள். அப்படியும் தோட்டத்துக்குள் திருப்பினால் வரைபடத்தில் அந்தப் பாதையைச் சாதாரண ஊர்ச்சாலை என்று யாரோ குறித்திருக்கிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே திருத்தலாம். பாதையின் வகையை மண்பாதை என்று மாற்றி, தனியார் என்று குறித்து, கேட் இருக்கும் இடத்தில் கேட் போடுங்கள். அடுத்த முறை கோப்பு புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் உங்கள் கருவிக்கே வந்து சேரும்.

17 மார்ச்

நேற்றைய குறிப்பின் கீழே ஒருவர், “தோட்டப் பெயரே வரைபடத்தில் தப்பா இருக்கே, அதையும் திருத்தலாமா?” என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் கூப்பிடும் பெயர் ஒன்று. பாட்டியிடம் கம்பெனிப் பெயரைச் சொன்னால் விழிப்பார். ஒரு இடத்துக்கு மொழிவாரியாகப் பெயர் போடத் தனிக் கட்டம் உண்டு, தமிழுக்கும் உண்டு. அதிகாரப் பெயரை அழிக்காமல் நம் பெயரை அந்தக் கட்டத்தில் போடுங்கள். கோயில், தமிழ்ப்பள்ளி, பழைய லயம் இருந்த இடம் எல்லாம் போடலாம். ஜிபிஎஸ் இழையில் இது எங்கே வந்தது என்று கேட்கிறவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

22 மார்ச்

ஜிபிஎக்ஸ் கோப்பு (வழியை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் கோப்பு) அனுப்பினால் இவன் வண்டியில் ஒரு வழி, அவன் வண்டியில் வேறு வழி. ஏன்?

கோப்புக்குள் மூன்று வகை இருக்கும். புள்ளி என்பது ஒரு இடம். தடம் என்பது ஆயிரக்கணக்கான புள்ளியைக் கோர்த்த கோடு, கருவி அதை மாற்றாது, அப்படியே வரைந்து காட்டும். வழி என்பது சில முக்கிய இடங்கள் மட்டும், நடுவில் எப்படிப் போவது என்பதை ஒவ்வொரு கருவியும் தன் வரைபடத்தையும் தன் அமைப்பையும் வைத்துக் கணக்கிடும். ஆகவே ஒரே “வழி” கோப்பு நாலு கருவியில் நாலு வழியாகும். கூட்டமாகப் போகும்போது தடம் அனுப்புங்கள். எக்ஸ்டியில் தடத்தை வரைபடத்தின் மேல் நிறக்கோடாகக் காட்டலாம். அதை அடிக்கோடாக வைத்துக்கொண்டு மேலே வழியைப் போட்டால் இரண்டும் விலகும் இடம் கண்ணுக்குப் பட்டுவிடும்.

வழியில் நீங்கள் போடும் இடங்களும் இரண்டு வகை. நின்றுதான் போக வேண்டிய இடம், வழியை வளைக்க மட்டும் போடும் இடம். எண்ணெய் போடுவதற்கு நிற்கும் இடத்தை முதல் வகையில் போட்டு, அதைத் தாண்டி வந்துவிட்டால் கருவி விடாது, “யு வளைவு போடு” என்று பத்து கிலோமீட்டருக்குக் கத்தும். வளைப்பதற்கு இரண்டாம் வகை. வழி விலகினால் மறுகணக்கு என்ற அமைப்பை “கேட்டுச் செய்” என்று வையுங்கள். தானாக விட்டால் நீங்கள் பொறுக்கி எடுத்த மலைப்பாதையை அழித்துவிட்டு நெடுஞ்சாலைக்கு இழுக்கும்.

உங்கள் பயணத்தில் சிம்பாங் பூலாய் சாலை, அதாவது கூட்டரசுச் சாலை 185, இந்தச் சிக்கலுக்குப் பேர்போனது. குவா மூசாங்கிலிருந்து லோஜிங், கம்போங் ராஜா வந்ததும் கருவிக்கு இரண்டு வழி தெரியும். தெற்கே தானா ராத்தா, ரிங்லெட் போய்ச் சாலை 59ல் தாப்பா இறங்குவது ஒன்று, நேராக சிம்பாங் பூலாய் இறங்குவது ஒன்று. சுங்கை சிப்புட் திரும்ப இரண்டாவதுதான் சரி. கம்போங் ராஜாவுக்கு மேற்கே, 185லேயே ஒரு வளைப்புப் புள்ளி போட்டுவிடுங்கள்.

23 மார்ச்

ஆயத்தொலைவு எண்ணை (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை) தட்டும்போது வடிவத்தைப் பாருங்கள். சுங்கை சிப்புட் சுமார் 4.82, 101.07. இது பாகை தசமம். சில கருவி பாகை (டிகிரி), கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று கேட்கும். 4.5 என்பதை 4 பாகை 50 கலை என்று தட்டுகிறவர்கள் உண்டு. 4.5 என்றால் 4 பாகை 30 கலை. வித்தியாசம் 20 கலை, ஒரு கலை 1.85 கிலோமீட்டர், ஆக 37 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்பீர்கள். தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் இருந்தால் பதினோரு மீட்டருக்குள் வரும், அது போதும். எட்டு இலக்கம் தட்டுவது எறும்புப் புற்றைத் தேடுவதற்கு.

5 ஏப்ரல்

கார்பிளே திரை, அதாவது ஐபோனில் ஓடுவதை வண்டித் திரையில் காட்டுவது, பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கார்புரைடு, சீஜீ மாதிரி ஐந்து ஏழு அங்குலத் திரைகள். இவை வழிகாட்டி இல்லை, போனின் கண்ணாடி. வரைபடம், கணக்கு, லைன் எல்லாம் போனில்தான். போனில் லைன் இல்லாத இடத்தில் திரையிலும் இருக்காது. லாபம் என்னவென்றால் போன் வெயிலுக்கும் மழைக்கும் அதிர்வுக்கும் தப்பிப் பையில் இருக்கும். நான் மார்ச் 3ல் சொன்ன மூன்று எதிரியில் மூன்றும் போச்சு. அந்த வகையில் இது பாதி விலைக்கு நல்ல ஏற்பாடு.

தலைக்கவசப் புளூடூத்தை இதற்குப் பின் போனோடு இணைக்கக் கூடாது, திரையோடு இணைக்க வேண்டும். முதலில் திரை போன், பிறகு திரை தலைக்கவசம். முறை மாறினால் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

இவற்றில் பல உள் பேட்டரி இல்லாதவை. மார்ச் 6 வயர் வேலையைச் சரியாகச் செய்யாமல் வாங்கினால் மேடு பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் திரை மறுபடி தொடங்கும்.

6 ஏப்ரல்

செக்கன் ஹேண்ட். பழைய ஜிபிஎஸ் வாங்கினால் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை 1024 வரை எண்ணி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவி இருபது ஆண்டு பின்னால் போய் நிற்கும். இடம் சரியாகக் காட்டலாம், நேரமும் சேரும் நேரமும் உளறும். புதுப்பிப்பு கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பழைய போனை வழிகாட்டியாக்கலாமா? நல்ல யோசனைதான். ஆனால் 3ஜியை நம் நாட்டில் 2021 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 4ஜி இல்லாத போனில் டேட்டாவை மறந்துவிடுங்கள். டேட்டா இல்லாத போன் முதல் முறை இடம் பிடிக்க நேரம் எடுக்கும், செயற்கைக்கோள் அட்டவணை முழுதும் வானத்திலிருந்தே வர 12.5 நிமிடம். வாசலில் வைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள், வண்டியை ஓட்டிக்கொண்டே தேடவிடாதீர்கள்.

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. பெரிய திரை என்று கப்சாயில் பூட்டக் கேட்டவருக்கு இதுவும் ஒரு பதில். காற்று இன்னொரு பதில்.

20 ஏப்ரல்

“ஜிபிஎஸ்ல 83 காட்டுது, மீட்டர்ல 90. எது பொய்?” மீட்டர்தான், வேண்டுமென்றே. ஐநா விதிமுறை 39 படி வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதன் மேல் 4 கிலோமீட்டரும் வரை. உண்மையில் 90ல் போகும்போது 103 காட்டினாலும் விதிக்குள்தான். நேரான சாலையில் சீராகப் போகும்போது ஜிபிஎஸ் வேகத்தை நம்பலாம். மலை வளைவிலும் சுரங்கத்திலும் நம்பாதீர்கள், அங்கே அது பின்தங்கிவிடும்.

21 ஏப்ரல்

கேட்ட தம்பிக்கு, நாலு வண்டிக்குச் சேர்த்து. முன்னால் போகும் 250ல் தனிக் கருவியோ கார்பிளே திரையோ, மழைக்காலம் என்றால் தனிக் கருவி. கடைசி கப்சாயில் 4ஜி பழைய போன், ஆர்கானிக் மேப்ஸ், அதிர்வு தாங்கி, 2 ஆம்ப் ஃபியூஸ். நடுவில் இருவருக்கு ஒன்றும் வேண்டாம், முன்னால் போகிறவரின் விளக்கைப் பார்த்தால் போதும். காசு குறைவு என்றால் கருவியைத் தள்ளிப் போடுங்கள், வயரையும் தாங்கியையும் தள்ளிப் போடாதீர்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் கிளந்தான் பக்கம் வெள்ளம். சாலை மூடியிருப்பது இறக்கி வைத்த வரைபடத்துக்குத் தெரியாது. கிரிக்கில் எண்ணெய் நிரப்பும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த லோரிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கப்சாய் தொட்டியில் நாலு லிட்டர் சொச்சம்தான், ஜெலி வரைக்கும் அதுதான் கையிருப்பு.

22 ஏப்ரல்

திருத்தம். மேலே “2 ஆம்ப் ஃபியூஸ்” என்றது ஒரு போனுக்கு மட்டும். இரட்டைத் துளை சார்ஜரில் இரண்டையும் ஓட்டினால் 3 ஆம்ப் போடுங்கள். உபரி ஃபியூஸ் இரண்டு இருக்கைக்கடியில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். அலுமினியத் தாளைச் சுற்றிச் செருகலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.